வேலிக்கால் ஊன்றப் போகும் தம்பிக்கு

பட்டறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வெல்டிங் சீக்கிரமே கைக்கு வந்துவிடுகிறது. வைத்த வெல்டு விட்டுப்போய் வேலி சாய்ந்தது என்று புகார் வருவது அபூர்வம். வருகிற புகாரெல்லாம் கீழேதான். போஸ்ட் ஆடுகிறது, பிளேட் ஒரு பக்கம் தூக்குகிறது, போல்ட்டோடு சேர்ந்து சுவர் பெயர்ந்துவிட்டது, மாடி ஒழுகுகிறது. இரும்பு நம்முடைய வேலை, கான்கிரீட் கொத்தனாருடைய வேலை. இரண்டும் சேருகிற அந்த ஆறு இஞ்ச் இடத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பு எடுத்துக்கொள்வதில்லை. இங்கே எழுதியிருப்பது முழுக்க அந்த ஆறு இஞ்சைப் பற்றி. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டுகிற வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். மொட்டைமாடி, காம்பவுண்டு சுவர், வாசல் தளம், இந்த மூன்று இடத்தில்தான் உன்னை அதிகம் கூப்பிடுவார்கள்.

1. டேப்பை எடுப்பதற்கு முன்னால் சுத்தியலை எடு.

மேலே சிமெண்ட் தெரிகிறது என்பதற்காக உள்ளே கான்கிரீட் இருக்கிறது என்று நம்பிவிடாதே. மொட்டைமாடியில் நீ நிற்பது பெரும்பாலும் கூலிங் டைல்ஸ் மேலேயோ தட்டோடு மேலேயோதான். அதற்குக் கீழே மூன்று நாலு இஞ்ச் கனத்துக்கு வெதரிங் கோர்ஸ் இருக்கும். பழைய வீடு என்றால் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், புது வீடு என்றால் சிமெண்டும் ஏதாவது ஒரு ஜல்லியும். அதையெல்லாம் தாண்டினால்தான் சிலாபு. நாலு இஞ்ச் போல்ட்டை மேலிருந்து இறக்கினால் அது சிலாபின் முகத்தைக்கூடப் பார்க்காது. நட்டை முறுக்கும்போது இறுகுகிற மாதிரிதான் இருக்கும். ஒரு மழைக்காலம் போனதும் கையால் உருவலாம்.

காம்பவுண்டு சுவர் கதை இன்னும் மோசம். உச்சியில் கொத்தனார் பெல்ட் கான்கிரீட் ஓட்டியிருக்கிறாரா, இல்லை செங்கல் மேலே ஒன்றரை இஞ்ச் கலவை பூசிச் சரிவு கொடுத்திருக்கிறாரா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஹாலோ பிளாக் சுவர் என்றால் பூச்சுக்கு அடியில் வெறும் பொந்து. வாசல் தளம் பெரும்பாலும் மணல் மேல் கொட்டிய மூன்று இஞ்ச் ஜல்லிக் கான்கிரீட். கம்பி கிடையாது. கார் நிற்கும், வேலிக்கால் நிற்காது.

சுத்தியலால் தட்டிப் பார். ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. ‘டொப்’ என்றால் கீழே காலி, அல்லது பூச்சு விட்டிருக்கிறது. அதோடு நிறுத்தாதே. ஓரமாக, பிறகு பிளேட் மூடிவிடக்கூடிய இடமாகப் பார்த்து, 6 மில்லி பிட்டில் ஒரு சோதனை ஓட்டை போடு. போடும்போது தூளைக் கவனி. சாம்பல் நிறமாக, மாவு மாதிரி நைசாக, இடையிடையே பிட் ஜல்லியில் முட்டித் திணறித் திணறி இறங்கினால் கான்கிரீட். சிவப்புத் தூள் என்றால் செங்கல். வெள்ளையும் சிவப்பும் கலந்து பொலபொலவென்று வந்தால் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்ட சுர்க்கித் தளம். சட்டென்று ஒரே இறக்கமாக உள்ளே போய்விட்டால் பொந்து. எத்தனையாவது இஞ்சில் நிறம் மாறுகிறது என்று பிட்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள். பிளேட், போல்ட், விலை எல்லாம் அந்தக் குறிப்பை வைத்துத்தான்.

2. உயரத்தைக் காலால் வகு.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தவன் பிறகு சின்ன பிளேட் வைக்கமாட்டான்.

நாலு அடி போஸ்ட், அதாவது 48 இஞ்ச். அடியில் ஆறு இஞ்ச் சதுர பிளேட், ஓரத்திலிருந்து ஒரு இஞ்ச் உள்ளே தள்ளி நாலு ஓட்டை. உச்சியில் ஒருவர் 100 கிலோ பலத்தில் தள்ளுகிறார் என்று வை. ஒரு பெரிய ஆள் தடுக்கி விழுந்து சாய்ந்தாலே அவ்வளவு வரும். போஸ்ட் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். பிளேட்டின் அந்த விளிம்பு தரையை அழுத்தும், இந்தப் பக்கத்து இரண்டு போல்ட்டும் மேலே இழுபடும். விளிம்புக்கும் இந்த போல்ட்டுகளுக்கும் நடுவே இருப்பது 5 இஞ்ச், அதுதான் கால். 48ஐ 5ஆல் வகுத்தால் 9.6. மேலே 100 கிலோ என்றால் கீழே 960 கிலோ இழுப்பு, போல்ட் ஒன்றுக்கு 480. கடப்பாரையால் கல்லைக் கிளப்புகிற அதே வித்தைதான், இங்கே கிளம்புவது உன் போல்ட்.

இப்போது பிளேட்டை எட்டு இஞ்ச் ஆக்கு. விளிம்பிலிருந்து போல்ட் 7 இஞ்ச். 48ஐ 7ஆல் வகுத்தால் ஏழுக்கும் கொஞ்சம் குறைவு. போல்ட் ஒன்றுக்கு 343 கிலோவாக இறங்கிவிட்டது. போல்ட்டின் தடிமனைக் கூட்டவில்லை, புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. இரண்டு இஞ்ச் தகடுதான் கூடுதல். ‘இன்னும் பெரிய போல்ட் போடு அண்ணே’ என்று ஹெல்பர் சொல்லும்போது, முதலில் போல்ட்டுகளைத் தள்ளி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்.

எந்தப் பக்கம் தள்ளல் வரும் என்பதையும் யோசி. வேலி நீளவாக்கில் போஸ்டுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். குறுக்குவாக்கில்தான் ஒவ்வொரு போஸ்டும் தனியாள். ஆகவே செவ்வகத் தகடு வைப்பதானால் அதன் நீளப் பக்கம் வேலிக்குக் குறுக்காக இருக்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று வேலியோடு சேர்த்து நீட்டுகிற வழக்கம் நம் ஊரில் அதிகம். தலைகீழ் வேலை.

3. ஷீட் அடிக்கிற வேலி வேறு, வலை அடிக்கிற வேலி வேறு.

வாடிக்கையாளர் முதலில் வலை என்பார். பிளேட்டெல்லாம் வைத்து முடித்த பிறகு, ‘பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார், ஷீட்டாகவே அடித்துவிடுங்கள்’ என்பார். அந்த இடத்தில் கையை நிறுத்து.

காற்றழுத்தத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கும் கோவைக்கும் 39. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும், அதைப் பத்தால் வகுத்தால் தோராயமாகக் கிலோ. சென்னைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ, மதுரைக்கு 90 சொச்சம். உயரம், சுற்றுப்புறம் என்று கூட்டல் கழித்தல் எல்லாம் இன்ஜினியர் போடுவார். நமக்கு இந்தத் தோராயம் போதும்.

ஆறடி உயர ஷீட், எட்டடிக்கு ஒரு போஸ்ட். போஸ்ட் ஒன்றின் பங்கு 48 சதுர அடி, அதாவது சுமார் நாலரை சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் கிட்டத்தட்ட 670 கிலோ. அது நடு உயரத்தில், மூன்றடியில், தள்ளுகிறது. எட்டு இஞ்ச் பிளேட்டே வைத்தாலும் போல்ட் ஒன்றுக்கு 1,700 கிலோ இழுப்பு வரும். சாதாரண வீட்டுக் கான்கிரீட்டில் 12 மில்லி போல்ட்டை ஆயிரம் கிலோவுக்கு மேல் நம்பக் கூடாது. அப்படியென்றால் பிளேட் வைத்த போஸ்டில் ஆறடி ஷீட் வேலி நிற்காது. பின்பக்கம் சாய்வுக்கால் கொடுக்க வேண்டும், அல்லது போஸ்ட் நெருக்கம் கூட்டி உயரம் குறைக்க வேண்டும், அல்லது தரை வேலி என்றால் குழி தோண்டி அடித்தளத்தோடு நட வேண்டும்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது அடித்தது இந்த 50 மீட்டர் காற்று அல்ல. அதைவிடக் குறைந்த வேகம்தான். அன்றைக்கு மாடியிலிருந்து கிளம்பிய ஷீட்டுகள் எத்தனை தெருவில் கிடந்தன என்று அப்போது ஊரில் இருந்தவர்களைக் கேள்.

வலை வேலிக்கும் ஒரு எச்சரிக்கை. மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் நீ போன பிறகு அதில் பச்சை நிழல்வலை கட்டுவார்கள். பாகற்கொடி ஏற்றுவார்கள். அப்புறம் அது வலை இல்லை, பாதி ஷீட். ‘இதில் என்ன கட்டப் போகிறீர்கள்?’ என்று முன்கூட்டியே கேட்டுவிடு.

4. பிளேட் வளையக் கூடாது.

ரெண்டரை, மூன்று மில்லி தகட்டில் பேஸ் பிளேட் வெட்டுகிற பட்டறைகள் இருக்கின்றன. மேலே கணக்குப் போட்ட இழுப்பில் அது வளையும். வளைந்ததும் போஸ்ட் ஆடும். வீட்டுக்காரர் போல்ட் லூஸ் என்று நினைத்து நட்டை முறுக்கிக்கொண்டே இருப்பார். நாலடி ரெயிலிங்குக்கு 8 மில்லிக்குக் கீழே போகாதே. எட்டு இஞ்ச் பிளேட்டுக்கு 10 மில்லி வை. போஸ்டைச் சுற்றி நாலு பக்கமும் முழு வெல்டு வை, ஸ்பாட் வைத்துவிட்டுப் போகாதே. பிளேட்டில் ஓட்டையைக் கேஸ் கட்டரால் ஊதாதே, ட்ரில் பண்ணு. ஊதிய ஓட்டை கோழிமுட்டை வடிவத்தில் இருக்கும், வாஷர் பாதி அந்தரத்தில் நிற்கும்.

முழு வெல்டு வைத்தால் தகடு மேல்நோக்கி லேசாகக் கிண்ணம் போடும். பெஞ்சில் க்ளாம்ப் போட்டு, எதிர் எதிர் பக்கமாக மாற்றி மாற்றி வை.

5. ஓரத்துக்குப் போகாதே.

கான்கிரீட்டில் போல்ட் பிடுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறாயா? போல்ட் மட்டும் வராது. போல்ட்டின் அடியிலிருந்து விரிந்து, புனலைக் கவிழ்த்து வைத்த வடிவத்தில் ஒரு கட்டிக் கான்கிரீட்டும் சேர்ந்து வரும். அந்தக் கட்டி முழுசாக இருக்கிற வரைதான் போல்ட்டுக்கு அதன் முழுப் பலம். ஓரத்தில் வைத்தால் பாதிப் புனல் காற்றில் இருக்கிறது. அதோடு, முறுக்கினால் விரிகிற ஆங்கர் போல்ட் நாலாபக்கமும் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. ஓரம் மெலிந்திருந்தால் நீ முறுக்கும்போதே விரிசல் கேட்கும்.

விரிகிற போல்ட்டுக்கு, போல்ட் தடிமனைப் போலப் பத்து மடங்கு ஓரத்திலிருந்து தள்ளி வை. 12 மில்லி போல்ட்டுக்கு 120 மில்லி, கிட்டத்தட்ட ஐந்து இஞ்ச். இப்போது ஒன்பது இஞ்ச் சுவரின் பெல்ட்டைப் பார். நட்ட நடுவில் வைத்தாலே இரு பக்கமும் நாலரைதான். நாலு போல்ட் பிளேட் வைத்தால் ஒவ்வொன்றும் ஓரத்திலிருந்து இரண்டு, இரண்டரை இஞ்சில் வந்து நிற்கும். ‘அதற்குத்தான் இரண்டே போல்ட், நடுவில் வரிசையாக’ என்று சிலர் சாமர்த்தியம் காட்டுவார்கள். இரண்டாவதில் போட்ட கணக்கை மறுபடி போடு. ஆறு இஞ்ச் தகட்டின் நடுவில் போல்ட் இருந்தால் விளிம்புக்கு மூன்றே இஞ்ச். 48ஐ 3ஆல் வகுத்தால் 16. நூறு கிலோ 1,600 ஆகிவிடும்.

சுவர் உச்சியை விட்டுவிட்டுச் சுவரின் உட்புற முகத்துக்கு வா. போஸ்டைச் சுவர் முகத்தோடு ஒட்டிக் கீழே ஒன்றரை அடி இறக்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று என ஒரு அடி இடைவெளியில் சுவரை முழுக்கத் துளைத்து நீள போல்ட் விடு. வெளிப்பக்கம் 4 இஞ்ச் சதுர வாஷர் தகடு. இழுப்பு தாங்குவது அந்தத் தகடு, செங்கல்லில் பிடிப்பு இருக்கிறதா என்ற கவலை பெரும்பாலும் போய்விடும். வெளிப்பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் இடம் என்றால் அவரிடம் முதலில் பேசு. ஆனால் சுவரே நாலரை இஞ்ச் கனம், பில்லர் இல்லாமல் நீளமாக ஓடுகிறது என்றால் எந்த போல்ட்டும் உதவாது. வேலியோடு சுவரும் சாயும்.

6. கான்கிரீட்டுக்கு வயது கேள்.

கொட்டி ஒரு வாரம் ஆன பெல்ட்டில் போல்ட் வைக்கச் சொல்வார்கள், கிரகப்பிரவேசத் தேதி நெருங்கிவிட்டது என்பார்கள். 28 நாள். பேச்சே கிடையாது.

7. ஓட்டை போடுவது பாதி வேலை, ஓட்டையைச் சுத்தம் பண்ணுவது மீதி.

வீட்டில் படம் மாட்டுகிற ட்ரில் இதற்கு உதவாது. எஸ்.டி.எஸ். பிட் போடுகிற ரோட்டரி ஹாமர் வேண்டும். பிட்டின் நுனி தேய்ந்திருந்தால் தூக்கிப் போடு. தேய்ந்த 12 பிட் பதினொன்றரைக்குத்தான் துளைக்கும், போல்ட் பாதியில் சிக்கும், பிறகு சுத்தியலால் அடித்து மரையைக் கெடுப்பாய். எந்த போல்ட்டுக்கு எந்தப் பிட் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும். ஒற்றைத் தண்டாக இருந்து கீழே சின்ன வளையம் விரிகிற ஆங்கருக்கு போல்ட் அளவேதான் பிட். நாலு இதழ் உறை போட்ட ராவல் போல்ட்டுக்கு அப்படி இல்லை. 12 மில்லிக்கு 20 மில்லி பிட் கேட்கும்.

ஆழம் போல்ட் இறங்குவதைவிட அரை இஞ்ச் கூட இருக்கட்டும். ஆனால் சிலாபில் கவனம். ஐந்து இஞ்ச் சிலாபில் நாலரை இஞ்ச் ஓட்டை போட்டால், பிட் அடியைத் தொடுவதற்கு முன்னாலேயே கீழ்வீட்டு சீலிங்கில் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழும். கீழே குழந்தை தூங்கும். சிலாபில் 10 மில்லி போல்ட், மூன்று இஞ்ச் ஆழம், பிளேட்டைப் பெரிசாக்கு. இதுதான் வழி.

பிட் சட்டென்று நின்று, சத்தம் மாறி, தூளில் பளபளப்பு தெரிந்தால் கம்பியைத் தொட்டுவிட்டாய். அழுத்தி அறுக்காதே. வீட்டின் எலும்பு அது. ஓட்டையை ஒரு இஞ்ச் தள்ளிப் போடு, பழைய ஓட்டையைச் சுருங்காத க்ரௌட்டால் அடை. இதற்காகவே பிளேட்டில் ஓட்டைகளைக் கடைசியில் போடுகிறவர்கள் உண்டு. முதலில் தரையில் துளைத்து, அட்டையில் அச்சு எடுத்து, அப்புறம் பிளேட்டைத் துளைப்பார்கள். மெனக்கெடல்தான், ஆனால் சரியான வழி. சிலாபுக்குள் கரண்ட் பைப் ஓடும். கீழ்வீட்டு ஃபேன் ஹூக்கும் லைட் பாயிண்டும் எங்கே என்று பார்த்துவிட்டு மேலே ஏறு.

தூள். உள்ளே தூள் தங்கினால் போல்ட் கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூளைப் பிடிக்கும். வாயால் ஊதாதே. கண்ணில் அடிக்கும், எச்சில் ஈரமும் சேரும். ஊதுகுழல் பம்பு, பிறகு கம்பி பிரஷ், மறுபடி பம்பு. முகத்தில் கண்ணாடியும் மாஸ்க்கும் போடு. கான்கிரீட் தூள் நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது.

8. கெமிக்கல் ஆங்கர் நல்ல பொருள், அவசரக்காரனுக்கு ஆகாது.

ஓரம் போதாத இடத்தில், பழைய கான்கிரீட்டில், கடலோரத்தில் என் தேர்வு இதுதான். உள்ளே விரிந்து தள்ளுவது கிடையாது, ஓட்டையை முழுக்க அடைத்துக்கொள்வதால் ஈரமும் இறங்காது. 12 மில்லி ஸ்டட்டுக்கு 14 மில்லி ஓட்டை, சாதாரணமாக நாலரை இஞ்ச் ஆழம்.

குழாயில் இரண்டு பசை இருக்கிறது, நாஸிலுக்குள் கலந்து வருகிறது. முதலில் வருவது சரியாகக் கலந்திருக்காது. ஒரே நிறமாக வரும் வரை அதை அட்டையில் பிதுக்கித் தள்ளிவிடு. காசு போகிறதே என்று பார்த்து அதையே முதல் ஓட்டைக்குள் விட்டால் அந்த ஒரு போல்ட் கடைசி வரை இறுகாது. நாஸிலை ஓட்டையின் அடி வரை விட்டு, பின்வாங்கிக்கொண்டே மூன்றில் இரண்டு பங்கு நிரப்பு. ஸ்டட்டைத் திருகிக்கொண்டே இறக்கு. வாயில் பசை கொஞ்சம் பிதுங்கி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது.

குழாயின் மேல் ஒரு அட்டவணை இருக்கும். இந்த வெப்பத்துக்கு இத்தனை நிமிஷத்தில் கட்டும், இத்தனை நேரம் கழித்து முறுக்கலாம் என்று. மே மாதம் மொட்டைமாடியில் கான்கிரீட் சூடு நாற்பதைத் தாண்டிவிடும். பசை நாஸிலுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். விடியற்காலையில் வேலையை முடி. குழாய்களை வண்டி டிக்கியில் வேகவிடாதே, வாங்கும்போது காலாவதித் தேதி பார். கட்டுகிற நேரத்தில் ஸ்டட்டைத் தொட்டு ‘பிடித்துவிட்டதா’ என்று ஆட்டிப் பார்க்கும் கையை நீயே பிடித்துக்கொள். இறுகிய பிறகு அதன் மேல் வெல்டிங்கும் வைக்காதே, சூட்டில் பசை செத்துவிடும்.

பசையில் வகை இருக்கிறது என்பதையும் மறக்காதே. 2006 ஜூலை 10ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலை ஒன்றில், மேற்கூரைக் கான்கிரீட் பலகைகள் ஓடுகிற கார் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். பலகைகளைத் தாங்கியது எபாக்ஸியில் ஒட்டிய போல்ட்டுகள். விசாரணையில் தெரிந்தது: சீக்கிரம் இறுகுகிற வகைப் பசையைப் போட்டிருந்தார்கள், நாள்கணக்காகத் தொங்கும் பாரத்தில் அது மெல்ல மெல்ல இளகிக்கொடுத்திருக்கிறது. வேலிக்கால் அப்படி ராப்பகலாகத் தொங்குவதில்லை, காற்றடிக்கும்போதுதான் இழுக்கும். ஆனால் இதே பசையை வைத்து சீலிங்கில் ஊஞ்சல் மாட்டித் தரச் சொல்லி நாளைக்கு யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள், அப்போது இதை நினைத்துக்கொள்.

9. கம்பியைத் தோண்டி எடுத்து அதில் வெல்டு வைக்காதே.

சிலாபையோ பீமையோ கொத்தி, உள்ளே இருக்கிற கம்பியை வெளியே காட்டி, போஸ்டை அதோடு சேர்த்துப் பற்றவைத்துப் பூசிவிடுவது உண்டு. கெட்டியாக நிற்கும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் டி.எம்.டி. கம்பியின் பலமே அதன் வெளித்தோல் சூடாறிய விதத்தில் இருக்கிறது. கண்டபடி வெல்டு வைத்தால் அந்த இடம் கெடும். கொத்திய இடத்தில் பூசிய கலவை ஒட்டாது, தண்ணீர் இறங்கி வேலி துருப்பிடிப்பதற்கு முன்னால் வீடு துருப்பிடிக்கும்.

10. இரண்டு முனையும் முதலில், நடுவில் இருப்பதெல்லாம் பிறகு.

முனை போஸ்ட் இரண்டையும் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, மேலும் கீழும் நூல் கட்டு. நடு போஸ்டுகள் நூலைத் தொடக் கூடாது, ஒரு நூல் தள்ளி நிற்கட்டும். ஒன்று தொட்டுத் தள்ளினால் வரிசையே வளையும். மொட்டைமாடி தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகத்தான் இருக்கும். பிளேட்டைத் தரையோடு ஒட்டினால் போஸ்ட் சாயும், போஸ்டை நேராக்கினால் பிளேட் ஒரு பக்கம் தூக்கும். தூக்கிய பக்கம் வாஷர் அடுக்கிவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். வாஷருக்கு நடுவில் வெற்றிடம், பிளேட் விளிம்பு எதன்மேலும் அழுத்தாது. இரண்டாவதில் போட்ட கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். இரும்பு ஷிம் வைத்து நேராக்கி, அடியில் சுருங்காத க்ரௌட்டைக் குத்திக் குத்தி நிரப்பு. வெறும் சிமெண்ட் பால் ஊற்றினால் சுருங்கி விட்டுவிடும்.

11. இறுக்குவதற்கு உடம்பு பலத்தை நம்பாதே, டார்க் ரெஞ்ச் வாங்கு. அளவு போல்ட் பெட்டியிலேயே இருக்கிறது. நீளமாகப் பைப் மாட்டி முறுக்குகிறவன் பாதி போல்ட்டை அன்றைக்கே கொன்றுவிடுகிறான்.

12. முடிந்தால் மொட்டைமாடித் தளத்தைத் துளைக்கவே துளைக்காதே.

வாட்டர் ப்ரூஃபிங் செய்த தளத்தில் போஸ்டுக்கு நாலு ஓட்டை என்றால், இருபது போஸ்டுக்கு எண்பது ஓட்டை. அதில் ஒன்று ஒழுகினாலும் உன் போனுக்குத்தான் அழைப்பு வரும். ஒழுகுகிற இடம் ஒன்று, கீழே ஈரம் தெரிகிற இடம் இன்னொன்றாக இருக்கும். கண்டுபிடிப்பதற்குள் தளத்தையே பெயர்க்க வேண்டி வரும். கைப்பிடிச் சுவர் ஒன்பது இஞ்ச் என்றால் அதன் உள்முகத்தில் பிடி. வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் உன் அதிர்ஷ்டம். சிலாபு கொட்டும்போதே போஸ்ட் வருகிற இடத்தில் கம்பி விட்டு ஒரு அடி சதுரக் குட்டிமேடை எழுப்பச் சொல். ஜே போல்ட்டுகளை, பிளேட்டின் ஓட்டை அளவுக்கே ஓட்டை போட்ட பலகையில் மாட்டி அதில் புதைக்கச் சொல். வெதரிங் கோர்ஸ் அந்த மேடையைச் சுற்றி, ஓரம் ஏற்றி முடியும். தண்ணீருக்கு மேலே பிளேட் நிற்கும். இதற்காகக் கொத்தனாரோடு ஒரு டீ குடித்துப் பேச வேண்டியிருக்கும். பேசு.

வேறு வழியே இல்லை, துளைத்தாக வேண்டும் என்றால் டைல்ஸையும் வெதரிங் கோர்ஸையும் பிளேட்டைவிடப் பெரிசாக வெட்டி எடுத்து, சிலாபின் முகத்தில் பிளேட் வை. கெமிக்கல் ஆங்கர் மட்டும். பிறகு வாட்டர் ப்ரூஃபிங் ஆள் வந்து பிளேட் மேலேயே ஏற்றிப் பூசட்டும். அந்தச் செலவு கொட்டேஷனில் முதலிலேயே இருக்க வேண்டும்.

13. துரு எங்கிருந்து தொடங்கும் என்று தெரிந்து பெயிண்ட் அடி.

பைப்பின் உள்ளிருந்து. மேல்மூடி போடாத சதுரப் பைப்புக்குள் மழை இறங்கி, அடியில் பிளேட் அருகே தேங்கும். வெளியே பளபளவென்று பெயிண்ட் இருக்கும், உள்ளே தாள் மாதிரி ஆகியிருக்கும். மூடி வைத்து வெல்டு பண்ணு, அடியில் பிளேட்டை ஒட்டி 6 மில்லி வடிகால் ஓட்டையும் விடு. வேலையைக் கால்வனைசிங்குக்கு அனுப்புவதாக இருந்தால் இந்த 6 மில்லி போதாது, மேலும் கீழும் பெரிய ஓட்டை கட்டாயம். அடைத்த பைப்பைக் உருகிய துத்தநாகத் தொட்டியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெடிக்கும். ஆள் சாகிற விஷயம்.

எண்ணூரிலிருந்து நீலாங்கரை வரை கடலை ஒட்டிய வேலைக்கு ரெட் ஆக்சைடும் எனாமலும் இரண்டு மழைக்குத்தான். சூட்டில் முக்கிய கால்வனைசிங் கனத் தகட்டில் 80 மைக்ரானுக்கு மேல் ஏறும். கடையில் பளபளக்கும் சிங்க் போல்ட்டில் இருப்பது ஐந்து பத்து மைக்ரான் முலாம். பிளேட் இருபது வருஷம் தாங்கும்படி செய்துவிட்டு அந்த போல்ட்டை மாட்டினால், துருக் கண்ணீர் வடிகிற முதல் இடம் நட்டுதான். எஸ்.எஸ். என்றாலும் 304 கடற்காற்றில் பழுப்புப் புள்ளி விழும், 316 கேள். எஸ்.எஸ். பிளேட்டுக்குச் சிங்க் போல்ட் சேராது. ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் சிங்க் கரைந்து பிளேட்டைக் காப்பாற்றும், போல்ட் போய்விடும்.

ஜி.ஐ. பைப்பில் அப்படியே வெல்டு வைக்காதே. பூச்சைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டு வை. அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று உனக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆகாது. காற்றோட்டமான இடத்தில் உட்கார்.

14. வாசல் தளத்தில் பிளேட் கேட்டால், குழி தோண்டலாம் என்று சொல்லிப் பார். மூன்று இஞ்ச் தளத்தைச் சதுரமாக அறுத்து எடுத்து, ஒன்றரை அடி சதுரம், இரண்டு அடி ஆழம் குழி எடுத்துக் கான்கிரீட்டில் நட்டால் பிளேட்டும் வேண்டாம், போல்ட்டும் வேண்டாம். கான்கிரீட்டின் தலையைத் தரைக்கு ஒரு இஞ்ச் மேலே கொண்டுவந்து வெளிப்பக்கம் சரிவு கொடு. இரும்பும் கான்கிரீட்டும் சந்திக்கிற கோட்டில்தான் தண்ணீர் நின்று துரு தின்னும். அந்த இடத்துக்கு மேலும் கீழும் மூன்று இஞ்ச் எபாக்ஸி பெயிண்ட் இரண்டு கை அடித்துவிட்டு நடு.

15. கொட்டேஷனில் போல்ட்டைத் தனி வரியாக எழுது.

நம் தொழிலில் விலை கிலோவுக்கு, அல்லது ஓடும் அடிக்கு. இரண்டிலும் போல்ட்டுக்கு இடமில்லை. கிலோவில் அது எடையே இல்லை, அடியில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் காசு குறைக்கச் சொல்லும்போது எல்லோருடைய கையும் முதலில் அங்கே போகிறது. நாலு போல்ட் இரண்டாகும், 12 பத்தாகும், பத்து பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவுமாகும். பிளேட் அளவு, கனம், போல்ட் வகை, விட்டம், ஆழம், எண்ணிக்கை, க்ரௌட், வாட்டர் ப்ரூஃபிங் என்று எல்லாவற்றையும் பிரித்து எழுது. பக்கத்துப் பட்டறைக்காரர் குறைவாகச் சொன்னால், அவர் காகிதத்திலும் இந்த வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல். சோதனை ஓட்டையில் செங்கல் தூள் வந்தால் அதையும் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கு.

போல்ட்டை நானே வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னால் மறுக்காதே. சீட்டில் அளவும் வகையும் எழுதிக் கொடு, பெட்டி பிரிக்காமல் வரட்டும்.